கிளிக்கல் அம்மாவும் மூன்று குஞ்சுகளும்

(சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டிய கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



குடும்பம், நம்பிக்கை, இன்றைய பெண் என்ற மூன்றையும் சேர்த்து ஏதாவது பேசும்படி எங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டார். புத்தி சொல்லும் பேச்சாக இருக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் நெடுங்காலம் சரித்திரம் படிப்பித்தவள். ஆகவே புத்தி சொல்லாமல், சரித்திரத்தில் வாழ்ந்த ஒரு தாயை உங்களுக்கு அறிமுகப்படுத்தலாம் என்று நினைத்தேன். அவர் எங்கள் ஊரவர் அல்லர். இங்கு கூடியிருக்கும் எவருடைய சமயத்தவரும் அல்லர். முந்நூறு வருடங்களுக்கு முன் ஜேர்மனியில் வாழ்ந்த ஒரு யூதப் பெண். பெயர் கிளிக்கல். ஜேர்மன்காரர் கிளூக்கல் என்பார்கள். கணவருடைய குடும்பம் ஹாமெல்ன் என்ற ஊரைச் சேர்ந்தது என்பதால் உலகம் அவரை ‘ஹாமெல்ன் கிளூக்கல்’ என்றே அறிகிறது.

ஹாமெல்ன் என்றதும் உங்களிற் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆம், ஆங்கில வகுப்பில் எலிகளையும் குழல்காரனையும் பாடமாக்கினோமே, அதே ஊர்தான்.

இவரை நான் சந்தித்தது போன வருடம், லண்டனில் மகள் வீட்டில். பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, நான் தனியே இருந்து வாசித்த புத்தகம் அவருடையது. அந்த நாட்களில் எனக்கும் மகளுக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. “அம்மா, அப்பாவும் போயிட்டார். இனித் தனிய இருக்க வேண்டாம், எங்களோட வந்திருங்கோ” என்பாள் அவள். “நான் ஆருக்கும் பாரமாய் இருக்க மாட்டன்” என்பேன் நான். இங்கே இருக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே வழக்கு நடக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. கிளிக்கல் அம்மாவின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அவர் 1646ஆம் ஆண்டளவில் ஹம்பேர்க் நகரத்தில் பிறந்தார். மூன்று வயது நிரம்புமுன்னரே அந்நகரத்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பக்கத்தில், டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்த அல்ரோனாவுக்கு அவர்கள் போனார்கள். நடந்து போகும் தூரந்தான். ஆனால் தொழிலுக்காக ஹம்பேர்க்குக்குள் போய்வர யூதருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பின்னர் 1657இல் சுவீடன் படை வந்தபோது அல்ரோனாவை விட்டும் ஓடினார்கள். ஓடியது திரும்பவும் ஹம்பேர்க்குக்கு. ஒரு சீட்டு, ஒரு சோதனைச் சாவடி, ஓர் இரவில் கட்டிய மூட்டை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவருடைய தந்தையார் வைர வியாபாரி, தம் மக்களிடையே பெரியவர். மகன்மாருக்கு மட்டுமல்ல, மகள்மாருக்கும் சமயக் கல்வியும் உலகக் கல்வியும் கொடுத்தார். அந்தக் காலத்தில் இது பெரிய காரியம். எழுத்தறிந்த அந்தப் பெண்பிள்ளை பின்னாளில் என்ன செய்தாள் என்பதைக் கேட்டால், பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நூறு வருடம் நடந்ததன் பொருள் விளங்கும்.

பன்னிரண்டு வயதில் நிச்சயார்த்தம், பதினான்கு வயதில் கலியாணம். மாப்பிள்ளை பெயர் ஹாயிம். ஹம்பேர்க் போன்ற துறைமுக நகரத்தில் வளர்ந்த பிள்ளை, யூதர் மிகச் சிலரே வாழ்ந்த ஹாமெல்ன் என்ற சிற்றூரில் மாமன் மாமி வீட்டுக்குப் போகிறாள். தாய் தகப்பனை நினைத்து ஏங்குகிறாள். ஆனால் அவளுடைய அறைக்குப் பக்கத்து அறையில் மாமனார் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்துக்கொண்டு, வேத நூலை இராகத்தோடு ஓதுவாராம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஹம்பேர்க் மறந்துபோகும் என்று கிழவியான பிறகும் நினைத்து எழுதுகிறார். விடியற்புறத்தில் அப்பு தேவாரம் பாடும் குரலிலோ, அம்மம்மா வேதாகமம் வாசிக்கும் குரலிலோ கண் விழித்து வளர்ந்தவர்களுக்கு, வீட்டில் நம்பிக்கை என்பது முதலில் காதால்தான் வருகிறது என்று தெரியும்.

ஒரு வருடத்தின் பின் இளம் தம்பதி ஹம்பேர்க்கில் பெற்றோரிடம் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை. கிளிக்கலுக்கு முதற் பிள்ளை பிறந்தபோது, அவருடைய தாயாருக்கும் ஒரு வாரக் கணக்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் மகளும் ஒரே அறையில் பிள்ளைப்பேற்றுக்குப் படுத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் தொல்லை தாங்க முடியவில்லையாம். ஓர் இரவு இருட்டில் குழந்தைகள் மாறிப்போய், வீடே அல்லோலகல்லோலப்பட்டு, சாலமோன் அரசனைத்தான் தீர்ப்புக்கு அழைக்க வேண்டும் போல ஆகிவிட்டதென்று சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

ஹாயிமும் கிளிக்கலும் பொன்னும் முத்தும் வியாபாரம் செய்தார்கள். கணவர் ஊரூராகச் சென்று வாங்கி விற்பார். மனைவி வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பார், ஒப்பந்தம் எழுதுவார், ஆலோசனை சொல்லுவார். அவரைக் கேட்காமல் ஹாயிம் எதையும் செய்ததில்லை. எவ்வளவு அலைச்சல் என்றாலும் நாளுக்கு ஒரு நேரம் வேதம் படிக்காமல் ஹாயிம் விட்டதுமில்லை. அவர்களுக்குப் பதினான்கு பிள்ளைகள் பிறந்து, பன்னிரண்டு பேர் வளர்ந்து ஆளானார்கள். ஒவ்வொரு கலியாணத்துக்கும் யார் தரகர், எவ்வளவு சீதனம், யார் யார் வந்தார்கள் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். மூத்த மகள் சிப்போராவின் கலியாணம் கிளீவ்ஸ் நகரத்தில் நடந்தது. பின்னாளில் பிரஷ்யாவின் முதல் அரசராக முடிசூடிய இளவரசர் பிரெடெரிக்கே வந்திருந்தார். இளவரசர் வருகிறார் என்ற பரபரப்பில், யூத முறைப்படி இல்லாமல் முடியாத திருமண ஒப்பந்தப் பத்திரத்தை எழுத எல்லாரும் மறந்துவிட்டார்கள்! மணவறையில் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. கடைசியில் மதகுரு ஒரு புத்தகத்தில் இருந்த மாதிரிப் பத்திரத்தை வாசித்துக் காரியத்தை ஒப்பேற்றினார். தாலியை வீட்டில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போன கலியாணம் எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

அவருடைய காலத்துச் செய்திகளும் அந்தப் புத்தகத்தில் உண்டு. 1665இல் துருக்கிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் சப்பத்தாய் செவி என்பவர் தம்மை மெசியா என்று அறிவித்தார். ஐரோப்பாவெங்கும் யூதர்கள் வீடு வாசலை விற்றுப் புனித நாட்டுக்குப் புறப்பட ஆயத்தமானார்கள். கிளிக்கலின் மாமனார் இரண்டு பெரிய பீப்பாக்களை ஹம்பேர்க்குக்கு அனுப்பிவைத்தார். துணிமணி, பயறு, அவரை, உலர்ந்த இறைச்சி, காய்ந்த பழம் எல்லாம் அதற்குள். அழைப்பு வந்தவுடன் கப்பலேற வேண்டியதுதான் என்ற நம்பிக்கை. 1666இல் அந்த மனிதர் சுல்தானின் முன் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார். பீப்பாக்கள் ஹம்பேர்க்கிலேயே நின்றன. துணி கெட்டுவிடாமல் சாப்பாட்டுச் சாமான்களை எடுத்துவிடும்படி ஒரு வருடத்தின் பின் மாமனார் எழுதினார். பீப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை. கிளிக்கல் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் அலுமாரிகளின் மேலும் கட்டியபடியே இருக்கும் பெட்டிகள் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போவதற்கென்று கட்டியவை சில, ஊரை விட்டுப் போவதற்கென்று கட்டியவை சில. அவற்றைப் பார்த்து நாங்களும் சிரிப்பதில்லை.

இனி, சொல்லக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 1689 ஜனவரியில், வியாபாரத்துக்குப் போன இடத்தில் ஹாயிம் கல்லிடறி விழுந்தார். உள்ளே பலத்த காயம். சில நாட்களில் மரணப் படுக்கை. அந்த நேரத்தில் கிளிக்கல் துடக்காக இருந்தார். யூத சமய விதிப்படி அந்நாட்களில் கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் தொடக் கூடாது. உங்களைப் பிடித்துத் தூக்கட்டுமா என்று அவர் கேட்கிறார். வேண்டாம், நீ முழுகப் போகும் நாள் தூரமில்லைத்தானே என்கிறார் கணவர். அந்த நாள் வருமுன் அவர் போய்விட்டார். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதரைக் கடைசியில் தொடவில்லை. விதியைக் குறை சொல்லி ஒரு வரி இல்லை. தம் சமயத்தை அவர் முழுமனதோடு நம்பியவர். ஆனாலும் அதை எழுதாமலும் விடவில்லை. நம்பிக்கை உள்ள வீட்டில் துக்கம் குறைவு என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுவேன்.

சாகுமுன் ஹாயிமிடம் கேட்டார்கள், காரியங்களை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று. எல்லாம் என் மனைவிக்குத் தெரியும், இதுவரை செய்தது போல் அவளே செய்யட்டும் என்றாராம். கலியாணமாகாத எட்டுப் பிள்ளைகள். 20,000 ரைக்ஸ்தாலர் அளவில் கடன். கிளிக்கல் பொருட்களை ஏலத்தில் விற்று, கடன்காரர் எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். பிறகு தாமே முத்து வியாபாரம் செய்தார், காலுறை நெய்யும் பட்டறை நடத்தினார், லைப்ஸிக் முதலிய பெரிய சந்தைகளுக்குக் கோடையிலும் பனியிலும் வண்டியேறிப் போய்வந்தார். பிள்ளைகளைப் பேர்லின், அம்ஸ்ரர்டாம், லண்டன், மெட்ஸ் என்று பல நகரங்களில் கலியாணம் செய்து கொடுத்தார். ஒரு மகன் வியாபாரத்தில் நொடித்துப்போனபோது அவன் கடனைத் தாம் சுமந்தார். அதையும் மறைக்காமல் எழுதினார்.

பகல் முழுக்க வேலை. இரவில் நித்திரை இல்லை. அந்த நித்திரையில்லா இரவுகளில்தான், 1691இல், எழுதத் தொடங்கினார். யித்திஷ் என்ற வீட்டு மொழியில், எபிரேய எழுத்தில். அறிஞருக்காகவோ உலகத்துக்காகவோ அல்ல. தம் பிள்ளைகள் தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இது நீதி நூல் அல்ல, அதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஏழு சிறு புத்தகங்களாக எழுத எண்ணி, இடையில் நிறுத்தி, திரும்பத் தொடங்கி, 1719 வரை எழுதினார்.

முதலாவது புத்தகத்திலேயே ஒரு கதை வருகிறது. என் சொல்லில் சொல்கிறேன். ஒரு தகப்பன் பறவைக்கு மூன்று குஞ்சுகள். பெருங்கடலைக் கடக்க வேண்டும், புயற்காற்று. ஒவ்வொரு குஞ்சாகக் காலில் பற்றிக்கொண்டு பறக்கிறது. நடுக்கடலில் முதற் குஞ்சிடம் கேட்கிறது: நான் உனக்காக உயிரைக் கொடுத்துப் பறக்கிறேன், எனக்கு வயதானால் நீ இப்படி என்னைத் தூக்குவாயா? கட்டாயம் தூக்குவேன் என்கிறது குஞ்சு. நீ பொய் சொல்கிறாய் என்று தகப்பன் அதைக் கடலில் போட்டுவிடுகிறது. இரண்டாவதற்கும் அதே கேள்வி, அதே பதில், அதே முடிவு. மூன்றாவது குஞ்சு சொல்கிறது: அப்பா, நீங்கள் படும் பாடு எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு அப்படிச் செய்வேன் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எனக்குப் பிள்ளைகள் பிறந்தால், நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்வேன். அந்தக் குஞ்சைத் தகப்பன் கரை சேர்த்தது.

கொடூரமான கதை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு இரண்டு நாள் என்னை விடவில்லை. கிளிக்கல் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, உங்களிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்கிறார். அன்பு கீழ்நோக்கி ஓடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளைக்கு.

ஆனால் அவருடைய கதை அதோடு முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாதென்ற பயத்திலேயே, 1700இல், ஐம்பது வயது கடந்த பிறகு, பிரான்ஸ் தேசத்து மெட்ஸ் நகரப் பணக்காரர் ஒருவரை மறுமணம் செய்தார். இரண்டு வருடத்தில் அந்த மனிதர் நொடித்துப்போனார். கிளிக்கலின் பணமும் அதோடு போயிற்று. 1712இல் அவரும் இறந்தார். கிழவிக்கு எஞ்சியது ஒரு சிறிய அறை. இருபத்திரண்டு படி ஏற வேண்டும். அதே ஊரில் மகள் எஸ்தர் வசதியாக வாழ்கிறாள். வாருங்கள் என்று மருமகன் அழைத்துக்கொண்டே இருக்கிறார். இவர் மாட்டேன் என்கிறார். படியேறிப் படியேறி நோயில் விழுந்த பிறகுதான், 1715இல், மகள் வீட்டுக்குப் போனார்.

அங்கே என்ன நடந்தது? அவர் எழுதுவது சின்ன விஷயம். காலையில் தொழுகைக்கூடத்துக்குப் போனால் திரும்பி வர மத்தியானமாகிவிடும். வீட்டார் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆனால் எஸ்தர் தாய்க்கென்று மூன்று நாலு கறி, அதுவும் நல்லவையாகப் பார்த்து, எடுத்து வைத்திருப்பாள். இதெல்லாம் எதற்கு என்று தாய் சொல்லியும் கேட்க மாட்டாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். எஸ்தர் ஒருநாளும் வாக்குக் கொடுத்ததாக எங்கும் எழுதியில்லை. வாக்குக் கொடுக்காத பிள்ளைதான் கறியை மூடி வைத்தது. இருபது சந்தைக்கு வண்டியோட்டிய அந்த மனிசிக்கு, கொடுப்பது வாழ்நாள் முழுக்கச் சுலபமாக இருந்திருக்கிறது. வாங்கத்தான் கடினமாக இருந்தது. அந்தச் சின்ன அறையில் போன மூன்று வருடமும் வீண்போன வருடங்கள். தாய்க்கும் வீண், மகளுக்கும் வீண். பிள்ளையிடம் வாக்குக் கேட்காமல் இருப்பது ஒன்று. பிள்ளை தானாக நீட்டும் கையைத் தட்டிவிடுவது வேறொன்று. முதலாவது பெருந்தன்மை. இரண்டாவதற்கும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டு இருந்தவள் நான். அது வீம்பு.

1724இல் கிளிக்கல் அம்மா மெட்ஸ் நகரத்தில் காலமானார். அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. மதகுருவாக இருந்த மகன் மோசே அதைப் பார்த்தெழுதி வைத்த பிரதியால்தான் அது பிழைத்தது. 1896இல் டேவிட் கௌஃப்மன் என்ற அறிஞர் அதை அச்சிட்டார். 1910இல் பேர்த்தா பப்பன்ஹைம் என்ற பெண்மணி அதை ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். யூதப் பெண்களுக்கென்று ஜேர்மனியில் ஒரு சங்கத்தை 1904இல் தொடங்கியவர் அவர். கிளிக்கலின் குடும்பத்து வழிவந்தவர். இன்று அக்கால ஐரோப்பாவைப் பற்றி எழுதுவோர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கிறார்கள். நித்திரை வராத ஒரு விதவை பிள்ளைகளுக்கு எழுதியதைத்தான் படிக்கிறார்கள்.

எங்கள் சங்கத்துக்கு நூறு வயது. இந்த நூற்றாண்டில் இந்த வாசலால் வெளியே போன பெண்கள் எத்தனை ஊர் மாறினார்கள், எத்தனை வீடு விட்டார்கள், எத்தனை பிள்ளைகளை எத்தனை நாட்டுக்கு அனுப்பினார்கள். அதில் எவ்வளவு எழுத்தில் இருக்கிறது? மலரில் தலைவியர் பெயரும் விளையாட்டுப் போட்டி முடிவும் இருக்கும். தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அது போதாது. ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போய் ஒரு கொப்பி வாங்குங்கள். தெருப் பெயரை எழுதுங்கள், சீதனத்தை எழுதுங்கள், கடனை எழுதுங்கள், மாறிப்போன கலியாணப் பேச்சை எழுதுங்கள். கிளிக்கலைப் போல, அழகாக்காமல் எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கு ஒருநாள் யாராவது வாசித்துச் சொல்வார்கள்.

நான் இருபத்தேழு பக்கம் எழுதியிருக்கிறேன். மீதியை மகள் வீட்டில் இருந்து எழுதுவேன். ஆம், போகத் தீர்மானித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னபோது தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மீன் குழம்புக்கு உங்கட தூள் கொண்டு வாங்கோ” என்றாள். கொண்டு போகிறேன்.

 எங்கள் கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டு வாழ்க.